நான்கு டயர்கள்

அன்புள்ள மகளுக்கு,

வியாழக்கிழமை நேர்காணலுக்கு முன் நீ இதைப் படித்தாக வேண்டும் என்பதால் உன் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன்.

தீயணைப்பு வேலையில் ஆறு இடத்துக்குத் தொள்ளாயிரம் பேர் என்றாய். அவசர சிகிச்சை செய்யும் பாராமெடிக் உரிமம் இப்போது எல்லோரிடமும் இருக்கிறதாம். நேர்காணலுக்கு முன் தீயணைப்பு நிலையத்துக்கு ஐஸ்கிரீமோடு போய் முகம் காட்டுவது வழக்கம் என்றும் சொன்னாய். எல்லோரும் ஐஸ்கிரீம் கொடுத்தால் என் மகள் எப்படித் தனியாகத் தெரிவாள்? டயர் கடைக்காரன் புத்தி. நேற்று நான்கு புது டயர்களை அந்த நிலையத்துக்குக் கொண்டுபோய், அதன் தலைவர் கேப்டன் ஹாலிஸின் சொந்த வண்டிக்கு என்று இறக்கினேன்.

“கேப்டன், இதை ஸ்பூன்ல எப்படிச் சாப்பிடறது?” என்றான் அங்கிருந்த தீயணைப்பு வீரன் ஒருவன்.

ஹாலிஸ் சிரிக்கவில்லை. “திருப்பி ஏத்துங்க சார். இதை வாங்கினா எனக்கும் வேலை இல்ல, உங்க பொண்ணுக்கும் இல்ல. அவ ஐஸ்கிரீமோட வந்த அன்னிக்கு, எல்லாரும் சாப்பிட்டதும் அவளே முதல்ல எழுந்து எல்லார் தட்டையும் கழுவினா. அவளுக்கு அது போதும். நீங்க வந்ததை மட்டும் நான் மறைக்க முடியாது.”

வீட்டில் நீ தட்டுக் கழுவி நான் பார்த்ததில்லை.

நேர்காணலில் அவர்கள் கேட்கும் முன் நீயே சொல்லிவிடு: அப்பா செய்தார், எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. என்னைக் காப்பாற்றப் பார்க்காதே.

அந்த டயர்கள் உன் வண்டிக்குப் பொருந்தாது. பொருந்துகிற நான்கை எடுத்து வைத்திருக்கிறேன். நாளை மாலை வண்டியைக் கடை வாசலில் விட்டுப் போ. பேச விருப்பமில்லையென்றால் நான் உள்ளேயே இருந்துகொள்கிறேன்.

அப்பா