சீனி உங்களுக்கு மட்டும், மாமி

என் கணவரைப் பெற்றெடுத்த மாமிக்கு, அன்புடன். அந்த ‘அன்புடன்’ என்ற சொல்லை எழுதுவதற்குள் பேனையை இரண்டு தரம் கீழே வைத்துவிட்டேன்.

நேற்று உங்களுடைய ஆண்டுத் திவசம். வந்தவர்கள் எல்லோரும் உங்களைப் பற்றி நல்லதையே கதைத்தார்கள். நான் எழும்பிக் குசினிக்குப் போய் வடை சுட்டேன்.

சீனி வருத்தத்தால் உங்கள் மகனுடைய கால்விரலை ஆஸ்பத்திரியில் எடுத்த பிறகுதான் நான் மாவும் சீனியும் சேராத இந்தச் சமையலைப் பழகினேன். போனில் பார்த்து, பிழைவிட்டு, திரும்பச் செய்து பழகியது. பால் பிழிந்த தேங்காய்ப்பூவை எறியாமல் காயவைத்து இடித்து, முட்டையும் நெய்யும் சேர்த்துத் தட்டிய பிஸ்கட். தேநீரோடு கடிக்க, மெல்லியதாகச் சீவி, உப்பும் மிளகும் தூவி வறுத்த தேங்காய்ச் சொட்டு. அரிசிமா இல்லை, கோதுமைமா இல்லை, சீனி இல்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்? சல்லி அம்மன் கோயிலில், பூசைக்கு வந்த பெண்களுக்கு நடுவில், “என்ர பிள்ளைக்குப் புண்ணாக்குத் தின்னக் குடுக்கிறாள்” என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

அதைப் பொறுத்தேன். பொறுக்க ஏலாதது மற்றது. சர்க்கரைப் பொங்கலையும் மோதகத்தையும் சேலைத் தலைப்பில் மறைத்துக் கொண்டுவந்து அவருக்கு ஊட்டினீர்களே, அது. கேட்டால், “படைச்சது ஒண்டும் செய்யாது பிள்ளை, அம்மாளாச்சி பார்ப்பா” என்பீர்கள். அம்மாளாச்சியை நானும்தான் கும்பிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. அவள் உங்களிடம் அப்படி எப்போது சொன்னாள்? அடுத்த நாள் காலையில் அவர் விரலில் குத்திச் சீனி பார்த்தவள் நான். ஏறி நின்றதைப் பார்த்துப் பயந்தவளும் நான்தான்.

இப்போது இறங்கியிருக்கிறது. டாக்டர் குளிசை ஒன்றைக் குறைத்திருக்கிறார். உங்களுக்குச் சந்தோசமா?

நேற்று உங்கள் மகள், என் மச்சாள், லட்டுப் பெட்டியோடு வந்தார். உங்கள் படத்துக்கு முன்னால் போட்ட இலையில் படைத்துவிட்டு, ஒன்றை எடுத்து உங்கள் மகனுடைய கையில் திணித்தார். “அம்மான்ர படையல், தம்பி. வேண்டாமெண்டு சொல்லப்படாது.”

நான் செய்த தேங்காய்ப்பால் கடற்பாசியும் அதே இலையில் இருந்தது. ஏலக்காயும், சீனிக்குப் பதிலாகப் பூச்சாடியில் வளர்க்கிற சீனித்துளசி இலையும் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்துக் கட்டியாக்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. லட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காலைத் தாங்கித் தாங்கி முற்றத்துக்குப் போய், காகத்துக்கு வைத்த சோற்றின்மேல் அதை வைத்தார்.

“இது அம்மாவுக்கு. எனக்கு இவள் செய்தது காணும்.”

“புண்ணாக்குப் பழகிட்டுது,” என்றார் மச்சாள்.

காகம் வந்தது. சோற்றைத் தொடவில்லை, வடையைத் தொடவில்லை, பக்கத்தில் நான் வைத்த கடற்பாசித் துண்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. லட்டைக் கவ்விக்கொண்டு துறைமுகப் பக்கம் பறந்தது. போய்ச் சேர்ந்தும் நீங்கள் மாறவில்லை. சிரிப்பு வந்தது எனக்கு, பின்னாலேயே ஆத்திரமும் வந்தது. ஆசை உங்களுக்கென்றால் நீங்கள் தின்றிருக்கலாமே. அவருக்கு ஏன் ஊட்டினீர்கள்? பாசத்தைக் காட்ட வேறு ஒரு வழியும் தெரியவில்லையா?

ஒரு வாக்குத் தருகிறேன். இனி ஒவ்வொரு திவசத்துக்கும் என் கையாலேயே உங்களுக்கு லட்டுப் பிடிப்பேன். சீனியில் கஞ்சத்தனம் செய்யமாட்டேன். நீங்கள் இருக்கிற இடத்தில் விரலில் குத்திப் பார்க்க ஆளில்லை. ஆனால் உங்கள் மகனைக் கூப்பிடாதீர்கள். கனவில்கூட வந்து கூப்பிடாதீர்கள். அவரை நான் இப்போதைக்கு அனுப்புவதாக இல்லை.

இப்படிக்கு,
உங்களை இன்னும் மன்னிக்காத,
உங்கள் ஒரே மருமகள்.