வாத்தியார் இறக்கி வைத்தவை

என் அன்பானவளுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் மூட்டுவலி குறைந்ததா? அத்தைக்கு இருமல் தேவலையா?

மலையேற வருகிறவர்களுக்குப் பை கட்டிக் கொடுத்து, கூடவே நடக்கிற வேலைதானே எனக்கு. போன வாரம் ஒரு வாத்தியார் வந்தார், நல்ல தமாஷ் பேர்வழி. கனமான சாமானை முதுகோடு ஒட்ட வைத்து, மழைக்கோட்டையும் கம்பளிச் சட்டையையும் மேலாக வைத்துக் கொடுத்தேன். "குடித்தனத்தையே முதுகுல ஏத்திட்டியேப்பா" என்று சிரித்தார். பிறகு எனக்குத் தெரியாமல் அந்த இரண்டையும் அறையிலேயே எடுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

உச்சிக்குப் பக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. அவருக்கு நடுக்கம் நிற்கவே இல்லை. கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கீழேயிருந்து ஆட்கள் வருவதற்குள் உயிர் அடங்கிவிட்டது.

பையை வாங்கிப் போக அவர் மனைவி வந்தார்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாருங்களா?"

"இல்லம்மா. பேசிக்கிட்டே தூங்கிட்டாரு."

பொய்தான். வேறென்ன சொல்வது?

எனக்கு லேசான ஜலதோஷம், அவ்வளவுதான். முடிந்தால் ஒரு கம்பளிச் சட்டை பின்னி அனுப்பு. நீ கொடுத்ததை அவருக்குத்தான் போட்டுவிட்டேன், அதோடேயே கொண்டுபோய்விட்டார்கள். திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.

அடுத்த கூட்டம் வந்து நிற்கிறது. இனிமேல் கிளம்பும்போது வாசலில் நின்று எல்லார் பையையும் திறந்து பார்க்கப் போகிறேன். திட்டினால் திட்டட்டும்.

உன் வீட்டுக்காரன்