என் வீட்டுக்காரரின் இங்கிலீஷ் பாட்டு

2025 செப்ரெம்பர் 3, புதன்

இன்றும் அந்த அல்பம்தான். 1974இல் இங்கிலாந்தில் முடி வளர்த்த நாலு பேர் போட்டது. குழுவின் பெயரை எழுதினால் இந்தப் பக்கத்தில் பாதி போய்விடும். மொத்தம் ஆறு பாட்டு. அதில் ஒன்று மட்டும் இருபத்துமூன்று நிமிடம். அந்த நேரத்துக்குள் நான் மீன் கழுவி ஆணமும் காய்ச்சிவிடுவேன். என் வீட்டுக்காரர் ஸிராஜ் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பாட்டுக் கேட்கிறாரா, பல்லுப் பிடுங்கக் காத்திருக்கிறாரா தெரியவில்லை. "புரோகிரஸிவ் ரொக்" என்று இந்த வகைக்குப் பெயராம். கொழும்புக் கூட்டாளி ஒருவர் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்த நாள் தொட்டு, சாய்ந்தமருதில் டைல்ஸும் கொமட்டும் விற்கிற மனிசருக்கு வேறு பேச்சில்லை.

செப்ரெம்பர் 6, சனி

ஆலையடிவேம்பில் மாதம் ஒருக்கா பழைய இசைத்தட்டுக் கேட்க ஆட்கள் கூடுகிறார்கள். ரேடியோ திருத்துகிற குணம் அண்ணன் நடத்துவது. அடுத்த ஞாயிறு இவரைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பகல் முழுக்க ஒத்திகை. கேட்க ஆள் நான்.

"கதாநாயகன் முதல் பாட்டில மௌத்தாகிறான். கடைசிப் பாட்டில பிறக்கிறான். இது சூபித் தத்துவம். விளங்குதா?"

விளங்கியது. இத்தாலி டைல்ஸ் என்று ஆட்களை நம்ப வைக்கிற அதே குரல்.

செப்ரெம்பர் 9, செவ்வாய்

அப்படி என்னதான் இருக்கு என்ற எரிச்சலில், நான் வேலை செய்கிற கந்தோருக்குப் போகும் அக்கரைப்பற்று பஸ்ஸில் யூடியூபில் முழு அல்பத்தையும் போட்டேன்.

முதல் பாட்டிலேயே குழந்தை பிறக்கிறது! தாய் தாலாட்டுகிறாள். கடைசிப் பாட்டில்தான் அவன் சாகிறான். அதிலிருந்த இசைத்தட்டு உறையின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான். பென் டிரைவ் பாட்டுகளைப் பெயரின் ஏ, பி, சி வரிசையில் பாடியிருக்கிறது. இவர் அதில் சூபித் தத்துவம் கண்டிருக்கிறார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

ஆனால் — இதை எழுதத்தான் வேணும். அந்த நீளப் பாட்டு காரைதீவில் தொடங்கியது. ஏழு ஏழாக எண்ண வேண்டிய தாளம். காலைத் தட்டினால் பிழையான இடத்தில் விழுகிறது. கால் மணித்தியாலம் இரைச்சலும் ஓட்டமும். பிறகு எல்லாம் நின்று, ஒற்றைக் கிட்டார் அந்தத் தாலாட்டு மெட்டைத் தடவித் தடவி எடுக்கிறது. பிள்ளை மட்டும் இப்போது கிழவன். தாலாட்டை முதலில் கேட்காதவருக்கு அந்த இடம் வெறும் கிட்டார். ஒலுவில் சந்தியில் என் கண் கலங்கியிருந்தது.

செப்ரெம்பர் 10, புதன்

போகும்போதும் வரும்போதும் கேட்டேன். யாருக்கும் சொல்லவில்லை.

செப்ரெம்பர் 12, வெள்ளி

ஜும்ஆ முடிந்து சாப்பிடும்போது சொல்லப் பார்த்தேன். "இஞ்சருங்க, அந்தப் பாட்டுகளுட ஒழுங்கு —"

"நீ டீவி டிராமாப் பாட்டுக் கேக்கிற ஆள், பஸ்மிலா. இதுக்கெல்லாம் காது வேணும்."

காது வேணுமாம்! அப்ப எனக்கு ரெண்டு பக்கமும் ஒட்டிக் கெடக்கிறது என்ன, அப்பளமா? சரி, போங்க. போய்க் கதைங்க. போட்டுட்டுப் போற சேட்டையும் நல்லா மடிப்புக் கலையாம அயன் பண்ணி வச்சிரிக்கேன்.

செப்ரெம்பர் 14, ஞாயிறு

நானும் போனேன். பார்க்கத்தான் போனேன், பொய் எதற்கு? பதினைந்து பேர் இருந்தார்கள். நாற்பது நிமிடம் பேசினார். மௌத்து, பிறப்பு, சூபி எல்லாம் வந்தது. குணம் அண்ணன் மெதுவாகத்தான் கேட்டார்: "தம்பி, முதலாம் பாட்டைக் கடைசி எண்டு சொல்றீங்களே, அது எப்படி?"

"அதுதான் அவங்கட புரட்சி!"

குணம் அண்ணன் தன் இசைத்தட்டின் உறையைத் திருப்பிக் காட்டினார். ஒன்று முதல் ஆறு வரை அச்சடித்திருந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து நாளாய்ச் சேர்த்து வைத்திருந்தேன், வரவில்லை. இவர் கையிலிருந்த கடதாசியைச் சின்னச் சின்னதாய் மடித்துக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது மோட்டார் சைக்கிளில், நிந்தவூர் தாண்டி:

"உனக்குத் தெரியுமா?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"செவ்வாய்க்கிழமை."



செப்ரெம்பர் 15, திங்கள்

கதைக்கிறாரில்லை. சொல்ல வந்தவளை வாயடைத்தது அவர்தானே? ஓம். இன்னொருக்கா சொல்லியிருக்க ஏலாதா? ஏலும். சனிக்கிழமை முழுக்க இருந்தது. சொல்லாமல் சேட்டுத்தான் மடித்தேன்.

செப்ரெம்பர் 23, செவ்வாய்

குணம் அண்ணன் கோல் எடுத்தார். அடுத்த கூட்டத்தில் அதே அல்பத்தை ஒழுங்காகப் போடுகிறார்களாம், நான் பேச வேண்டுமாம். "நான் என்னத்தக் கதைக்கிற அண்ணன், எனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"உங்கட வீட்டுக்காரர் என்ட கடைக்கு வந்தவர், தங்கச்சி. பிழையைக் கண்டுபிடிச்சது நீங்கதானாம். காது உங்களுக்குத்தானாம்."

அவராகவே போய்ச் சொல்லியிருக்கிறார். என்னிடம் உப்புக் கேட்கவே நாலு நாள் எடுத்த மனிசன்.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

தாலாட்டில் தொடங்கி ஆறையும் கேட்டோம். நான் பத்து நிமிடம்தான் பேசினேன். ஸிராஜ் கடைசி வரிசையில் இருந்தார். முடிந்ததும் கையை உயர்த்தினார். பழிவாங்கப் போகிறாரோ?

"தாலாட்டு திரும்ப வாறது அந்தக் கிழவனுக்குக் கேக்குதா, இல்லாட்டி கேக்கிற நமக்கு மட்டும்தானா?"

ஒரு மாதமாக நான் யோசிக்காத கேள்வி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியாது" என்றேன். "வீட்ட போய் ரெண்டு பேரும் கேட்டுப் பாப்பம்."