கேட்டும் கேட்காத சத்தம்

ஐப்பசி 12, வியாழன்.

வல்லத்திராக்கோட்டைத் திருப்பத்தில் பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை. குறுக்கே வந்த ஆட்டின் மேல் ஏறித்தான் நின்றது. ஆட்டுக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை நின்றாள். அழக்கூட இல்லை. ஓடிவந்த அவள் அம்மா என்னைத் திட்டவில்லை. "புள்ளைக்கு ஒண்ணும் ஆகலைங்க, நீங்க போங்க" என்றாள்.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். "பிரேக் பேடு சுத்தமாத் தேஞ்சுபோச்சு சார். சத்தம் கேட்டிருக்குமே?"

கேட்டது. ரெண்டு மாதமாகவே கேட்டது. சர்வீஸுக்கு விடாமல், பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

மனைவியிடம் ஆடு அடிபட்டதை மட்டும் சொன்னேன். "பாவம், ஆட்டோட போச்சே" என்று தூங்கிவிட்டாள். அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.