நடுத்துண்டு

கண்ணு,

போன மாதம் நீயும் உன் அறைத்தோழியும் வந்தபோது விட்டுச்சென்ற நாவலைப் படித்து முடித்தேன். போனில், "மறந்துட்டு வந்துட்டேம்மா" என்றாய். மறந்து வைப்பவள் என் தலையணைக்கு அடியிலா வைப்பாள்?

எண்ணூர் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி மேல் வைத்துப் படித்ததில் நாற்பதாம் பக்கத்தில் மீன் செதில் ஒட்டிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. பக்கத்துக் கடை ரேகாவையும் படிக்கச் சொன்னேன். "இன்னாக்கா, லவ் பண்றது ரெண்டுமே பொண்ணா கீது?" என்றாள். "இருந்தா இன்னா, படி" என்றேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டி, இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் நிம்மதியாகப் படிக்க ஆரம்பித்தாள்.

எனக்கு ஒன்றுதான் உறுத்துகிறது. நீங்கள் வந்த அன்றைக்கு வஞ்சிரக் குழம்பில் உன் தோழிக்கு வால் துண்டைப் போட்டுவிட்டேன். நடுத்துண்டு உன் அக்கா புருஷனுக்குப் போனது. நம் வீட்டில் அது மாப்பிள்ளைக்குத்தான். நீ அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

காணும் பொங்கலுக்கு இரண்டு பேரும் வாருங்கள். பெரிய மீனாக எடுக்கிறேன். நடுத்துண்டு இரண்டு வரும்.

உன் அம்மா