பச்சை உடம்புக்கு ஒரு தம்ளர் தண்ணீர்

ஜூன் 3, 2025, விழுப்புரம்
"காத்து பிரிஞ்சிச்சாம்மா?" நர்ஸ் கேட்கிறார், டாக்டரம்மா கேட்கிறார், பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்தவர்கூடக் கேட்கிறார். பிறந்த பெண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வயிற்றை அறுத்துத் தைத்தால் குடல் தூங்கிப்போகுமாம். நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். தையல் சுண்டி இழுத்தது, அழுதேன்.

ஜூன் 4
பிரிந்தது. வார்டுக்கே சந்தோஷம், எனக்கு வெட்கம். இட்லி கொடுத்தார்கள். "தண்ணி நெறைய குடிங்க. பாலும் ஊறும், மலச்சிக்கலும் வராது" என்றார் டாக்டரம்மா. அம்மா நன்றாகத் தலையாட்டினாள்.

ஜூன் 8, கோலியனூர்
அம்மா வீடு. பத்தியம். பூண்டுக் குழம்பு, சுட்ட கருவாடு. சாப்பாட்டுக்கு ஒரு தம்ளர் தண்ணீர், அவ்வளவுதான்.
"பச்ச ஒடம்புடி. தண்ணி குடிச்சிக்கினே இருந்தா வயிறு ஊதிக்கும், புண்ணு சீழ் புடிக்கும்."
டாக்டரம்மா சொன்னாங்களே?
"அவங்களா வந்து உன்ன பாத்துக்கப் போறாங்க?"

ஜூன் 11
வெளிக்குப் போகவே முடியவில்லை. முக்கினால் தையல் பிரிந்துவிடுமோ? அந்தப் பயத்தில் சாப்பிடுவதில்லை. சாப்பிடாததால் பால் இல்லை. பாப்பா சப்பிச் சப்பி ஓய்ந்து அழுகிறாள். இதுக்கா பெத்தேன்?
திண்டிவனத்திலிருந்து அவர் போன் செய்தார். "டாக்டர் சொன்னத அத்தைகிட்ட சொல்லேன்."
"நீங்க சொல்லுங்களேன்."
"நான் எப்டி பானு..."
போனில் மட்டும் வீரம்.

ஜூன் 12
பால் பவுடரும் புட்டியும் வந்தாயிற்று. பாப்பா வயிறு நிறைந்து தூங்கினாள். அம்மாவுக்கு நிம்மதி. எனக்கு — வேண்டாம், எழுதவில்லை.

ஜூன் 14
குளிக்கும்போது வாளி வெந்நீரை அள்ளி அள்ளிக் குடித்தேன். வேப்பிலைக் கசப்பு.
"இன்னாடி சத்தம்?" கதவுக்கு வெளியே அம்மா.
"வாய் கொப்புளிக்கிறேம்மா."
குடிக்கிற தண்ணீரைத் திருட வேண்டியிருக்கிறது. சீ.

ஜூன் 15
குளியலறை மாடத்தில் மூடி போட்ட சொம்பு. வெதுவெதுப்பாகச் சீரகத் தண்ணீர். நான் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. வெளியே யாரிடமோ, "எம்பொண்ணு பத்தியத்த மீறவே மாட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொட்டு விடாமல் குடித்தேன்.

ஜூன் 18
இன்று வெளிக்குப் போயிற்று. தையல் பிரியவில்லை. உள்ளேயே உட்கார்ந்து அழுதேன்.

ஜூன் 22
பசிக்கிறது, சாப்பிடுகிறேன். மார்பு கனத்து ரவிக்கை நனைகிறது. ஆசையாகப் பாப்பாவை எடுத்து வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டாள். மறுபடி வைத்தேன். மறுபடியும் அதே. அம்மா என்னைப் பார்க்காமல் புட்டியில் பால் கலக்கிக் கொண்டுவந்தாள். பாப்பா அதைக் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டாள்.
வலி தாங்கவில்லை. பாலைப் பீய்ச்சிக் குளியலறையில் ஊற்றினேன். மாடத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது.