கோணல் சுவருக்கு இரண்டு வெள்ளி

ஜூலை 8, 2025, செவ்வாய்

லேத் பட்டறையைச் சீக்கிரம் மூடிவிட்டு ஜமாத் கூட்டத்துக்குப் போனேன். எங்கள் பூந்தமல்லி பள்ளிவாசலுக்குப் புதுக் கட்டடம் வருகிறது. நல்லது. ஆனால் பழைய கல் கூடத்தை இடிக்க வேண்டுமாம்! அதன் சுவர் நேர் மேற்கே பார்க்கிறது. மக்கா கொஞ்சம் வடக்கே தள்ளி. பள்ளிவாசல் நிர்வாகி, முத்தவல்லி கவுஸ் பாய், போனில் திசைகாட்டியைத் தூக்கிக் காட்டினார். “திசையே தப்பா கீது. இத்த வெச்சிகினு இன்னா பண்றது?”

தப்பா? சூரியன் விழும் பக்கம்தான் கிப்லா, தொழும் திசை, என்று நம்பிக் கட்டியிருக்கிறார்கள். நானூறு வருடமாவது இருக்கும் என்று கல்லூரிப் பேராசிரியரே வந்து சொன்னார். கோயிலுக்குச் செதுக்கிய கைகள்தான் இங்கேயும் பூவும் மொட்டும் செதுக்கி, உருவங்களை மட்டும் தவிர்த்திருக்கின்றன. மிஞ்சியிருப்பது நாலு தூணும் அந்தச் சுவரும். அதையும் இடித்தால்? கத்திவிட்டேன். தரையில் சாய்வாகக் கோடு போட்டுத் திரும்பி நின்றால் தீர்ந்தது என்றேன்.

“ஜனம் ஒழுங்கா நிக்குதா பாப்போம் பாய். ரெண்டு வெள்ளி டைம். அப்பால பேசக் கூடாது” என்றார் கவுஸ் பாய்.

ஜூலை 10, வியாழன்

பாஸ்கல் வந்தான். பாடிப் பக்கம் என்னோடு ஒன்றாகப் படித்தவன், இப்போது சிவில் இன்ஜினியர். கூடத்துத் தரையில் மக்கா திசைக்கு நூல் பிடித்துப் பச்சை டேப் ஒட்டினோம்.

ஜூலை 11, வெள்ளி

மானம் போச்சு. பாதிப் பேர் கோட்டைப் பார்த்து, பாதிப் பேர் சுவரைப் பார்த்து. ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது என் தலை பக்கத்து ஆள் தோளில் முட்டியது. கவுஸ் பாய் சிரித்தார். அதுதான் எரிகிறது.

ஜூலை 13, ஞாயிறு

பாஸ்கலிடம் புலம்பினேன். “தொழ வைக்கிறவரு எப்பிடி நின்னாரு மச்சான்?” என்றான்.

அட, நான் ஒரு மடையன்! எங்கள் இமாம் ஹஜ்ரத் வழக்கம்போல மிஹ்ராப் மாடத்துக்குள் போய், சுவரைப் பார்த்தே நின்றார். இமாம் எப்படியோ பின்னால் நிற்பவர்களும் அப்படித்தானே? ஊருக்கே கோடு போட்டோம், அவர் விரிப்பைத் திருப்ப மறந்தோம்.

ஓடினேன். ஹஜ்ரத்துக்குக் கோபமே இல்லை. “செவுத்தயா தொழுவுறோம்? விரிப்ப வெளிய இழுத்து, திருப்பிப் போடுங்க.”

ஜூலை 18, வெள்ளி

ஜெயித்தோம்! ஒரு வரிசைகூடக் கலையவில்லை. கவுஸ் பாய் கடைசி வரிசையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, “சரி, இருந்துட்டுப் போவட்டும்” என்றார். தூணைக் கட்டிக்கொண்டு அழுதேன். யார் பார்த்தால் என்ன?

நவம்பர் 9, ஞாயிறு

புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். லாரியில் வந்த ஆள் சிமென்ட் மூட்டைகளைப் பழைய சுவரில் சாய்த்து அடுக்கினான். நான் வாயைத் திறப்பதற்குள் கவுஸ் பாய் பாய்ந்தார்.

“யோவ், எடுய்யா மூட்டைய! நானூறு வருசத்து செவுரு அது. எங்களுது!”